கைதேர்ந்தவர்களுக்கு ஓர் அரிச்சுவடி

2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ராய் ஃபீல்டிங் என்பவர் டாக்டர் பட்டத்துக்காகச் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூல், அத்தகைய நூல்களுக்கு வழக்கமான கனத்த முகத்தோடு தொடங்கவில்லை. ‘மாண்டி பைதான்’ என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவினர் தொலைக்காட்சியில் நடித்த ஒரு குறுநாடகத்திலிருந்து எடுத்த வரியொன்றைத் தன் முகப்பில் தாங்கிக்கொண்டு தொடங்குகிறது. அந்த நாடகத்திலே ஒரு கட்டடக் கலைஞர் வருகிறார். ஆயுளில் பெரும்பகுதியைக் கசாப்புக் கொட்டில்கள் கட்டுவதிலேயே கழித்தவர். மக்கள் குடியிருப்பதற்கான அடுக்குமாடி ஒன்றுக்குத் திட்டம் வரைந்து தரும்படி அவரைக் கேட்க, அவரும் மிகுந்த சிரத்தையோடு வரைந்து கொண்டுவருகிறார். குடித்தனக்காரர்கள் வாசலில் நுழைந்ததும் ஓடும் பட்டையொன்று அவர்களைச் சௌகரியமாகச் சுமந்து செல்கிறது. தாழ்வாரத்தின் மறுகோடியில் சுழலும் கத்திகள் காத்திருக்கின்றன. கேட்டவர்கள் திடுக்கிடும்போது அந்தக் கலைஞர் படும் வியப்பு உண்மையான வியப்பு. குடித்தனக்காரர்களை வெட்டும் உத்தேசம் இவர்களுக்கு இல்லை என்பது அவர் மனத்தில் தோன்றாத சங்கதி.

ஃபீல்டிங் இந்த விகடத்தைச் சிரிப்புக்காக மட்டும் எடுத்தாளவில்லை. மென்பொருள் வகுப்பவர்கள் அந்தக் காலத்து நவநாகரிகமாக விளங்கும் ஏதோ ஓர் அமைப்பை முதலில் தேர்ந்துகொண்டு, அது தம் காரியத்துக்குப் பொருந்துமா என்ற விசாரணையைப் பிற்பாடுதான் வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய குறை. அந்த நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் அவர் விளக்கிய வலை அமைப்பு முறைக்கே ‘ரெஸ்ட்’ என்று பெயர். அந்த முறையைத் தழுவி எழுதப்படும் சேவைகளை ‘ரெஸ்ட்ஃபுல் வலைச் சேவைகள்’ என்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிரல் எழுதித் தேர்ந்தவர்களுக்கு இந்த முறையைக் கற்பிக்க முற்படும் எவரும் அந்தக் கசாப்புக் கொட்டில் கலைஞரை வகுப்பில் நேருக்கு நேர் சந்திப்பார்கள். அவர் முட்டாள் அல்லர், தம் தொழிலில் கைதேர்ந்தவர், அதுதான் சிரமமே.

வலைச் சேவை என்றால் என்ன என்பதை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரயிலில் இடம் பதிவு செய்யக் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறக்கிறோம். அந்தச் செயலிக்கு ரயில்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எங்கோ இருக்கும் சர்வர் என்ற கணினிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. அங்கிருந்து வரும் பதிலை நமக்கு வாசிக்கத் தக்கதாக அலங்கரித்துக் காட்டுகிறது. மனிதர் பார்ப்பதற்கென்று வலைப்பக்கங்கள் இருப்பதுபோல் நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்று இருக்கும் ஏற்பாடு இது. இந்தப் பேச்சு எந்த முறையில் நடக்கவேண்டும் என்பதே விவகாரம்.

நிரலாளர்கள் இயல்பாக எந்த முறையை நாடுவார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. தம் கணினிக்குள்ளேயே ஒரு பகுதி மற்றொரு பகுதியை வேலை வாங்குவதற்கு அவர்கள் பிரயோகிப்பது ‘பங்க்ஷன்’ என்னும் ஆணை. பெயரைச் சொல்லி அழைத்தால் அது வேலையை முடித்து விடையோடு திரும்பும். தொலைவிலுள்ள கணினியையும் இதே விதமாக, அது தன் பக்கத்தில் இருப்பதாகவே பாவித்து அழைக்க முடியுமானால் எவ்வளவு சௌகரியம் என்ற ஆசை வெகு நாளையது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் 1984-இல் அந்த ஆசையை நிறைவேற்றும் வழியை ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். 1991-இல் ‘கார்பா’ வந்தது. 1997-இல் ஜாவா மொழியில் ‘ஆர்.எம்.ஐ.’ வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் ‘சோப்’ வந்து, பெரிய நிறுவனங்களின் கணினி அறைகளிலெல்லாம் பீடம் போட்டு உட்கார்ந்தது. பெயரும் ஆடையும் மாறினவே தவிர, தூரத்திலுள்ளதைப் பக்கத்தில் உள்ளதுபோல் காட்டும் மாயை ஒன்றே.

இந்த மாயையை உள்ளிருந்தே உடைத்தவர்களும் இருந்தார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜிம் வால்டோவும் அவருடைய சகாக்கள் மூவரும் 1994-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை, பக்கத்து அறையில் இருப்பதற்கும் பல காத தூரத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நிரலாளரிடமிருந்து மறைப்பது உபகாரமாகாது, அபகாரமே ஆகும் என்று நிலைநாட்டியது. தாமதம் ஒரு வித்தியாசம். ஆனால் அதைவிடப் பெரியது பாதித் தோல்வி. ஒரே கணினிக்குள் நடக்கும் வேலையில் கணினி விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழும். இரண்டு கணினிகளும் இடையே ஒரு கம்பியும் இருக்கும்போதோ, ஒன்று விழுந்து மற்றொன்று நின்றுகொண்டிருக்கும். நின்றுகொண்டிருப்பது தன் தோழன் விழுந்தானா, அல்லது வெறுமனே மௌனம் சாதிக்கிறானா என்று அறியும் வழியின்றித் தவிக்கும். அனுபவசாலிகளுக்கு ரெஸ்ட் கற்பிப்பவர் இந்தக் கட்டுரையை முதல் நாளிலேயே வாசிக்கச் செய்வது நல்லது என்பது என் அபிப்பிராயம், வலையின் மொழியாகிய எச்.டி.டி.பி.யைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இராவிட்டாலும் பாதகமில்லை.

ஃபீல்டிங்குக்கு வருவோம். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வலையைப் பற்றிய யோசனையை எழுதிக் கொடுத்ததற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், அந்த வலை ஒருவரும் எதிர்பாராத வேகத்தில் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், அதன் மொழியாகிய எச்.டி.டி.பி.யின் விதிகளைத் தெளிவுபடுத்தி எழுதும் பணியில் ஈடுபட்டவர்களுள் ஃபீல்டிங் முக்கியமானவர். 1996-இல் வெளிவந்த 1.0 பதிப்பிலும் 1997-இல் வெளிவந்த 1.1 பதிப்பிலும் அவர் பெயர் உண்டு. அப்பாச்சி என்ற புகழ்பெற்ற சர்வர் மென்பொருளைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். ஆகவே ரெஸ்ட் என்பது யாரோ ஒருவர் அறையிலே உட்கார்ந்து கற்பித்துக்கொண்ட சித்தாந்தம் அன்று. கண்முன்னே லட்சக்கணக்கான கணினிகளைச் சேர்த்துக்கொண்டு உடையாமல் வளர்ந்த ஒரு பெரும் அமைப்பு ஏன் உடையவில்லை என்ற ஆராய்ச்சியின் விளைவு. அதனால்தான் அதன் விதிகள் பெரும்பாலும் தடைகளின் ரூபத்தில் இருக்கின்றன: கேட்பவரும் கொடுப்பவரும் பிரிந்திருக்க வேண்டும், சர்வர் உரையாடலை நினைவில் சுமக்கக் கூடாது, பதிலைச் சேமித்து வைக்கலாமா என்பது பதிலிலேயே தெரியவேண்டும், எல்லாரும் ஒரே பொதுவான முறையில் பேசவேண்டும், நடுவில் யார் நிற்கிறார்கள் என்பதை இருகோடியில் உள்ளவர்களும் அறியத் தேவையில்லை என்ற இவ்வகைத் தடைகள். கேட்பவருக்கு நிரலையே அனுப்பி ஓடச்செய்யலாம் என்ற ஆறாவது விதி ஒன்றும் உண்டு. அதை அவரே விருப்பத்துக்கு விட்டுவிட்டார், நாமும் விட்டுவிடலாம்.

இனி வகுப்பறை. தேர்ந்த நிரலாளர் ஒருவரிடம் ரயில் முன்பதிவுக்கு ஒரு சேவை எழுதும்படி சொன்னால், அவர் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார். ஜாவாவில் 2008-இல் வந்த ஜாக்ஸ்-ஆர்.எஸ். போன்ற கருவிகளின் உதவியால், ஏற்கெனவே எழுதிய பங்க்ஷனின் தலையில் ஒரு குறிப்பை ஒட்டினால் போதும், அது வலைச் சேவையாகிவிடும். எழுதியதைத் திறந்து பார்த்தால் ‘/சீட்டுப்பதிவுசெய்’, ‘/சீட்டைரத்துசெய்’, ‘/பயணியின்பெயரைமாற்று’ என்று வரிசையாக ஆணைகள் நிற்கும். ஓடுகிறதா என்றால் ஓடும். பழைய கார்பாவுக்குப் புதுச் சட்டை போட்ட மாதிரி ஓடும். ‘இதில் என்ன தவறு?’ என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. ‘ஃபீல்டிங் இப்படிச் சொல்லவில்லை’ என்பது அதற்கு நியாயமான விடையாகாது. கைதேர்ந்தவர்களிடம் வேதவாக்கியம் எடுபடாது, எடுபடவும் கூடாது.

ஆசிரியர் செய்யத்தக்கது, பொருள்களுக்கு முகவரி கொடுக்கும் வழியைக் காட்டி, அதன் பிரயோஜனம் எங்கே வெளிப்படுகிறது என்பதை அவர்களையே கண்டுபிடிக்கச் செய்வதாகும். ரெஸ்ட் முறையில் முகவரி பெறுவது செயல் அன்று, ‘வளம்’ எனப்படும் பொருள். ‘/சீட்டுகள்/4711’ என்பது ஒரு குறிப்பிட்ட பயணச்சீட்டின் நிலையான இருப்பிடம். அதை வாசிக்க ‘கெட்’, அந்த இடத்தில் முழுவதுமாக ஒன்றை வைக்க ‘புட்’, நீக்க ‘டிலீட்’, ஒரு தொகுதியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ வேறெந்த விதத்திலும் அடங்காத காரியத்தைச் செய்விக்கவோ ‘போஸ்ட்’. ஒரு பகுதியை மட்டும் திருத்த 2010-இல் தனி விதியாக வந்த ‘பேட்ச்’. உலகத்திலுள்ள எந்தச் சேவைக்கும் இந்தச் சில வினைகளே பொது. முகவரிகள் எண்ணற்றவை, வினைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்ற இந்த ஏற்பாடு, ஒவ்வொரு நிரலுக்கும் நூற்றுக்கணக்கான வினைகளைப் புதிது புதிதாகப் படைத்துப் பழகிய கைக்கு விலங்கு மாட்டியதுபோல் தோன்றும்.

உடனே ஒரு மாணாக்கர் எழுந்து, “சார், டிக்கெட்டை ரத்து செய்வதற்கு டிலீட் போட்டால் சரியாகிவிடும் அல்லவா?” என்பார். அவருக்கு நேர்விடை சொல்லாமல், “ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வரவேண்டாமா? கணக்குப் பார்ப்பவர் நாளைக்கு வந்து கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?” என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டால் விவாதம் சூடுபிடிக்கும். ரத்து என்பது சீட்டு இல்லாமற்போவது அன்று. அதுவே தேதியும் காரணமும் திருப்பித் தரும் தொகையும் உடைய ஒரு தனிப் பொருள் என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்து, ‘/சீட்டுகள்/4711/ரத்து’ என்ற முகவரியைப் பலகையில் எழுதுவார். ரயில்வேயின் வியாபாரத்தை நன்கு அறிந்தவருக்கே இது தோன்றும். நேற்றுக் கல்லூரியை விட்டு வந்த பிள்ளைக்குத் தோன்றாது. அனுபவம் இடையூறாக இருக்கும் இடம் ஒன்று என்றால், அது கைகொடுக்கும் இடங்கள் இத்தகையவை பல.

வினைகளைப் பொதுவாக வைத்ததன் பயன் அவற்றின் வாக்குறுதிகளில் இருக்கிறது. கெட் என்பது பார்ப்பதற்கு மட்டுமே. அதனால் ஒன்றும் மாறாது என்பது அதன் வாக்குறுதி. இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2005-ஆம் ஆண்டின் ஒரு சம்பவத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. அந்த ஆண்டு கூகுள் நிறுவனம் ‘வெப் ஆக்சிலரேட்டர்’ என்றொரு மென்பொருளை வெளியிட்டது. நீங்கள் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அதிலுள்ள இணைப்புகளை நீங்கள் தொடுவதற்கு முன்னால் தானே சென்று கொண்டுவந்து வைத்து, வலையை வேகமாக்கிக் காட்டுவது அதன் வேலை. பேஸ்கேம்ப் முதலிய சில வலைச் செயலிகளில் ‘நீக்கு’ என்பது ஒரு சாதாரண இணைப்பாக, அதாவது கெட் வேண்டுகோளாகவே வைக்கப்பட்டிருந்தது. கூகுளின் பணியாள் வாக்குறுதியை நம்பி ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனான். அவன் தொட்ட இடமெல்லாம் பயனாளர்களின் குறிப்புகள் மறைந்துகொண்டே போயின. யார் குற்றவாளி என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. இப்போதும் வகுப்பில் இதைச் சொன்னால் சண்டை நடக்கும், நடக்கட்டும். ஒன்று மட்டும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளப்படும்: நம் நிரலுக்கும் அதைப் பயன்படுத்துவோருக்கும் நடுவில், நாம் அழைக்காத மூன்றாமவர் எவரும் எந்த நேரமும் வந்து நிற்கலாம், அவருக்கு நம் நிரலின் அந்தரங்கம் தெரியாது, பொது விதி மட்டுமே தெரியும்.

அடுத்தது, என் எண்ணத்தில் இந்தக் கல்வியின் நடுநாயகமானது: பதில் வராமற்போகும் வேளை. சீட்டுப் பதிவுக்கு ஒரு போஸ்ட் போகிறது; சர்வர் இடத்தைப் பிடித்து, பணத்தைக் கழித்து, சீட்டை எழுதி, ‘201, புதிதாக உண்டாக்கப்பட்டது, முகவரி இது’ என்ற பதிலை அனுப்புகிறது; பதில் வழியில் தொலைந்துவிடுகிறது. கேட்டவர் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிவது மௌனம் ஒன்றே. வேண்டுகோளே போய்ச் சேராமலிருந்தாலும் அதே மௌனம்; சர்வர் பாதி வேலையில் மாண்டுபோயிருந்தாலும் அதே மௌனம். மூன்றும் வெவ்வேறு நிலைகள். மூன்றுக்கும் முகம் ஒன்று. இப்போது செயலி என்ன செய்யவேண்டும்? மீண்டும் அனுப்பினால் ஒரே பயணிக்கு இரண்டு சீட்டும் இரட்டைக் கட்டணமும் விழக்கூடும். அனுப்பாவிட்டால் ஒரு சீட்டும் இல்லாமற் போகக்கூடும்.

இதை வாயால் சொன்னால் கைதேர்ந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏனெனில் இது அவர்களுக்குத் தெரியாத விஷயம் அன்று, தெரிந்தும் ஒதுக்கிவைத்த விஷயம். ஆகையால் சொல்வதை நிறுத்திச் செய்துகாட்ட வேண்டும். மாணாக்கர்களின் நிரலுக்கும் சர்வருக்கும் நடுவில் ஆசிரியர் ஒரு சிறு இடைநிரலை வைத்துவிட வேண்டும். அது எல்லா வேண்டுகோள்களையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, பதில்களில் சிலவற்றை மட்டும் விழுங்கிவிட வேண்டும். சிறிது நேரத்தில் ஒவ்வொரு குழுவின் பதிவேட்டிலும் ஒரே பயணி ஒரே வண்டியில் இரண்டு மூன்று இருக்கைகளில் வீற்றிருப்பார். அந்தக் கணத்திலிருந்து வகுப்பின் தோரணையே மாறிவிடும். அதுவரை விதிகளைக் குறை கூறிக்கொண்டிருந்தவர்கள், விதிகள் எதற்காக ஏற்பட்டன என்று ஆராயத் தொடங்குவார்கள்.

எச்.டி.டி.பி. இதற்குக் கொடுக்கும் விடை, எவ்வளவு முறை திருப்பிச் செய்தாலும் ஒருமுறை செய்த பலனையே தரும் வினைகளைத் தனியே பிரித்து வைத்திருப்பது. ‘ஐடெம்பொட்டன்ட்’ என்று கணிதத்திலிருந்து கடன் வாங்கிய பெயரால் அவற்றைக் குறிப்பார்கள். கெட் அத்தகையது, புட்டும் டிலீட்டும் அத்தகையவை, போஸ்ட் அத்தகையது அன்று. சீட்டின் எண்ணைச் சர்வர் தரும்வரை காத்திராமல், மோதலுக்கு இடமில்லாத ஒரு நீண்ட எண்ணைச் செயலியே உண்டாக்கிக்கொண்டு, அந்த முகவரியில் புட் செய்தால், பதில் தொலைந்தபோது அதே புட்டை அச்சமின்றி மறுபடி அனுப்பலாம். இரண்டாம் முறை வந்தது முதலாவதின் மேலேயே படியும். போஸ்ட்டே வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு வேண்டுகோளிலும் ஒரு தனி அடையாளச் சாவியைச் சேர்த்து அனுப்பலாம். சர்வர் அந்தச் சாவியை ஏற்கெனவே பார்த்திருந்தால் புதிதாக ஒன்றும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தரும். இணையத்தில் பணம் செலுத்தும் வசதியை அளிக்கும் ஸ்ட்ரைப் நிறுவனம் இந்த ஏற்பாட்டைத்தான் கைக்கொள்கிறது; பணத்தோடு பழகுகிறவர்களுக்கு இதன் அருமை விளக்காமலே விளங்கும்.

உரையாடலை நினைவில் வைக்காத சர்வர் என்ற விதி வேறு வகையான எதிர்ப்பைச் சந்திக்கும். ஒரு பயனாளர் உள்ளே நுழைந்ததும் அவருக்கென்று சர்வரின் நினைவில் ‘செஷன்’ என்ற ஓர் இடத்தை ஒதுக்கி, அவர் இதுவரை எந்த வண்டியைத் தேர்ந்தார், எந்த வகுப்பைத் தேர்ந்தார் என்பதையெல்லாம் அங்கே குவித்து வைப்பது நெடுநாளைய வழக்கம்; இந்த விதி அதைத் தடுக்கிறது. தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதுகிறவர், ‘முன்பு நான் சொன்னபடி’ என்று எழுதி நிறுத்தாமல் பெயர், விலாசம், சர்வே எண், இணைப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு மனுவிலும் முழுமையாக எழுதுவது ஏன்? முந்தைய குமாஸ்தா மாற்றலாகிப் போயிருந்தாலும் எந்த மேஜையில் விழுந்தாலும் மனு தன் காலிலேயே நிற்கவேண்டும் என்பதற்காக. வலைச் சேவையின் வேண்டுகோளும் அப்படியே. திருவிழாக் கூட்டத்துக்காக ஒரு சர்வருக்குப் பதில் இருபது சர்வர்களை நிறுத்தும்போது, எந்த வேண்டுகோள் எங்கே விழுந்தாலும் பதில் சொல்ல முடிவது இதனால்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் செய்திகள் பருத்துப்போகின்றன. ஃபீல்டிங் அந்த விலையைத் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். விலையைச் சொல்லாமல் பொருளின் பெருமையை மட்டும் சொல்லும் ஆசிரியரை அனுபவசாலிகள் நம்பமாட்டார்கள்.

பதில் எண்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை போதும். காணாத பொருளுக்கு 404, விதியை மீறிய வேண்டுகோளுக்கு 400, அடையாளம் காட்டாதவருக்கு 401, தற்காலிகமாக முடியாததற்கு 503 என்று தக்க எண்கள் இருக்க, எல்லாவற்றுக்கும் 200 என்று மங்களகரமாகத் தலைப்பிட்டு, உள்ளே ஒரு மூலையில் ‘பிழை’ என்று எழுதி அனுப்பும் சேவைகள் இன்னும் ஏராளம். தம் நிரல் தம் பிழையைப் படித்துக்கொள்ளும் என்பது எழுதியவரின் சமாதானம். நடுவில் பதில்களைச் சேமித்து வைக்கும் கேஷ் அதைப் படிக்காது, 200 என்பதை நம்பி அந்தப் பிழையைப் பத்திரப்படுத்திப் பலருக்கும் விநியோகிக்கக்கூடும்.

தரவுத்தளத்தில் பழகியவர்கள் முகம் மலரும் இடம் ஒன்று உண்டு. இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே சீட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் பயணியின் பெயரைத் திருத்தி அனுப்புகிறார். மற்றவர் தம் பழைய பிரதியில் வயதைத் திருத்தி முழுவதையும் அனுப்புகிறார். முதலாமவர் திருத்திய பெயர் போன இடம் தெரியாமல் அழிந்துவிடுகிறது. இதைத் தடுக்க எச்.டி.டி.பி. ‘ஈடேக்’ என்ற ஒரு முத்திரையை வைத்திருக்கிறது. பொருள் மாறும்போதெல்லாம் முத்திரையும் மாறும்; திருத்துகிறவர், ‘நான் பார்த்த முத்திரை இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் இதை ஏற்றுக்கொள்’ என்ற நிபந்தனையோடு அனுப்பலாம்; இடையில் எவரேனும் மாற்றியிருந்தால் 412 என்ற மறுப்பு வரும். “அட, இது நாங்கள் டேபிளில் வெர்ஷன் நம்பர் வைத்துச் செய்வதுதானே!” என்று யாராவது சொல்வார்கள். அதேதான். அதே முத்திரை, வாசிக்கும்போது, ‘ஒன்றும் மாறவில்லை, உன் பிரதியையே வைத்துக்கொள்’ என்ற 304 பதிலாகி, கம்பியில் போகும் சுமையையும் குறைக்கிறது. தம் கையிலிருந்த வித்தை ஒன்று முப்பது ஆண்டு வயதுள்ள பொது நெறிமுறையில் ஏற்கெனவே இருப்பதைக் கண்டவர்கள், அதன் மற்ற மூலைகளையும் தாமாகவே துழாவத் தொடங்குவார்கள். அதற்குப் பின் ஆசிரியருக்கு வேலை குறைவு.

எல்லாக் காரியத்துக்கும் ரெஸ்ட்தான் மருந்து என்று சொல்வது, கசாப்புக் கொட்டிலுக்குப் பதில் குடியிருப்பையே எங்கும் கட்டுவதற்குச் சமானம். பெரிய பெரிய பகுதிகளாகத் தகவலைப் பரிமாறும் பொதுவான வலைக்கு இது உகந்தது, மற்ற வகைத் தொடர்புகளுக்கு இது மிகச் சிறந்ததாக இராது என்று ஃபீல்டிங்கே வரம்பு கட்டியிருக்கிறார். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான சிறு ஆணைகள் பறக்கும் இடத்துக்குக் கூகுள் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. பொருத்தமாக இருக்கலாம், கைப்பேசித் திரையொன்றுக்குப் பத்து இடத்துத் துணுக்குகளை ஒரே தடவையில் திரட்ட ஃபேஸ்புக் 2015-இல் பொதுவில் வெளியிட்ட கிராஃப்கியூஎல் உதவலாம். முன்னது பழைய தொலைதூர ஆணை முறையின் வாரிசே என்றாலும், தன் பிறப்பை மறைக்காத வாரிசு. காலக்கெடுவையும் தோல்வியையும் நிரலாளரின் கண்முன் வைக்கிறது.

கடைசியாக, அறிஞர்களே ஒத்துப்போகாத ஒரு விதி. மனிதர் ஒரு வலைப்பக்கத்தைப் பார்க்கும்போது அடுத்த முகவரியை மனப்பாடமாக வைத்திருப்பதில்லை; பக்கத்திலுள்ள இணைப்பைத் தொட்டு அடுத்ததுக்குப் போகிறார். நிரலும் அப்படியே போகவேண்டும், சர்வரின் ஒவ்வொரு பதிலும் அடுத்து எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்பதற்கான இணைப்புகளைத் தாங்கி வரவேண்டும் என்பது ஃபீல்டிங்கின் நிபந்தனை. 2007-இல் சாம் ரூபியோடு சேர்ந்து இத்துறையின் பிரபலமான கைநூலை எழுதிய லெனார்ட் ரிச்சர்ட்சன், சேவைகளைப் படிப்படியாகத் தரம் பிரித்துக் காட்டினார்: ஒரே முகவரியில் எல்லா ஆணைகளையும் கொட்டுவது அடிப்படி, பொருள்களுக்குத் தனி முகவரிகள் கொடுப்பது முதற்படி, வினைகளையும் பதில் எண்களையும் முறையாகப் பிரயோகிப்பது இரண்டாம் படி, இணைப்புகளால் வழிநடத்துவது மூன்றாம் படி. உலகத்துச் சேவைகளில் பெரும்பாலானவை இரண்டாம் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டன. மூன்றாம் படி ஏறாததற்கு ரெஸ்ட் என்று பெயரிடாதீர்கள் என்று ஃபீல்டிங் 2008-இல் சற்றுக் கோபமாகவே எழுதினார். உலகம் அந்தப் பெயரை விடவில்லை.

இதை வகுப்பில் எப்படி நடத்துவது? கடைசி நாளின் காலையில், ஒருவரிடமும் சொல்லாமல், ஆசிரியர் தம் மாதிரிச் சேவையின் முகவரிகளை மாற்றிவிடலாம். ‘/சீட்டுகள்’ என்றிருந்தது ‘/பதிவுகள்’ என்றாகட்டும், ரத்துக்கான இடம் வேறு எங்கோ போகட்டும், நுழைவாயிலாகிய முதல் முகவரி மட்டும் மாறாதிருக்கட்டும். முகவரிகளை நிரலுக்குள் எழுதிவைத்த குழுக்கள் 404-களின் நடுவே திண்டாடும். பதில்களில் வந்த இணைப்புகளைப் பின்தொடர்ந்த குழு எதையும் அறியாமல் சீட்டுப் பதிந்துகொண்டிருக்கும். வென்ற குழுவை மெச்சிவிட்டு வகுப்பைக் கலைத்துவிடக் கூடாது. தோற்றவர்களின் வாதத்தையும் கேட்கவேண்டும். தம் சேவையும் தம் செயலியும் ஒரே அறையில் ஒரே குழுவால் எழுதப்பட்டு ஒரே நாளில் வெளியாகின்றன. முகவரி மாறினால் இரண்டையும் சேர்த்தே மாற்றிக்கொள்வோம். இணைப்புகளைப் படிக்கும் நிரலை எழுதிப் பேணும் செலவு யாருக்காக என்பார்கள். அந்த நிலைமைக்கு அவர்கள் வாதம் சரியானதே. ஆனால் முகம் தெரியாத பலர் எழுதிய செயலிகள், புதுப்பிக்கப்படாத பழைய கைப்பேசிகளில் ஆண்டுக்கணக்கில் நம் சேவையை நாடி வந்துகொண்டிருக்கும் என்றால், முகவரியை மாற்றும் சுதந்திரத்தை மூன்றாம் படியன்றி வேறெதுவும் நமக்குக் கொடுக்காது. ஒவ்வொரு குழுவும் தான் அலுவலகத்துக்குத் திரும்பி எழுதப்போகும் சேவை இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் காரணத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேட்பதே நான் வைக்கும் தேர்வு. அந்தப் பக்கத்தில் ஒரு வரி நிரலும் தேவையில்லை.